மதிலைக் கொடுத்த ஊர்களின் பாலம்

கீழணைப் பழைய பாலத்துக்கும் அதன் மேல் போகும் சாலைக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகள் அனைவருக்கும்,

போன ஐப்பசியில் ஓர் இரவு, மணி பத்தரை இருக்கும். சென்னையிலிருந்து வந்த பேருந்தின் நடத்துனர் என்னையும், ஆறு மாதக் கர்ப்பிணியான என் மகளையும் புதிய நாற்கரச் சாலையோரம் இறக்கிவிட்டார். "அணைக்கரைக்குள்ள போறதில்லைம்மா. புதுப் பாலம் வந்தாச்சுல்ல, நேரா போயிடுறோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை, தூறல் வேறு. ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். பழைய பாலத்தில் ஏறியபோது ஒரு விளக்குகூட எரியவில்லை. கைபேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டே போனோம். பாதித் தூரத்தில் கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் உடைந்து, ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து கிடந்தது. அதற்கு முன்னால் இரண்டு சவுக்குக் கழியைக் குறுக்கே கட்டி, ஒரு சிவப்புத் துணியைச் சுற்றியிருந்தார்கள். ஷட்டர்களைத் தூக்கியிருந்ததால் கீழே தண்ணீர் இரைந்துகொண்டு போனது. அந்தத் தண்ணீரில் முதலை உண்டு என்பது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். பாலம் தாண்டும் வரை மகள் என் முந்தானையை விடவில்லை. ஐந்து வயதிலும் இதே பாலத்தில் இப்படித்தான் நடந்தாள். அப்போதாவது விளக்கு எரிந்தது.

மறுநாள் விசாரித்தேன். அந்தச் சிவப்புத் துணியைக் கட்டியது உங்கள் ஆட்கள் இல்லை. பாலத்து முனையில் மீன் விற்கிற ஒருவர், தன் பேரன் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று தன் லுங்கியைக் கிழித்துக் கட்டியிருக்கிறார்.

அதனால்தான் இந்த மடல்.

எனக்குப் பிறந்த வீடு அணைக்கரை. புகுந்த வீடு வடகரையில், மீன்சுருட்டிப் பக்கம். தையல் கடை வைத்திருப்பது மறுபடியும் அணைக்கரையில். ஆக 26 வருடமாகக் காலையில் ஒரு தடவை, இருட்டினதும் ஒரு தடவை இந்தப் பாலத்தைக் கடக்கிறேன். நான் பொறியாளர் இல்லை. ஆனால் எந்த இடத்தில் சைக்கிள் குலுங்கும், எந்தத் தூணுக்கு மேல் மழைத் தண்ணீர் தேங்கும், எந்த விரிசல் போன வருடத்தைவிட இந்த வருடம் அகலம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொள்ளிடம் இங்கே இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு திட்டை விட்டுவிட்டுப் போகிறது. அந்தத் திட்டுதான் அணைக்கரை. இரண்டு கிளைகளிலும் அணை, அதுதான் கீழணை. அணையின் மேலேயே பாலம். தெற்கே போனால் திருப்பனந்தாள், சோழபுரம், கும்பகோணம். வடக்கே ஏறினால் மீன்சுருட்டி, கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம். கிழக்கே திரும்பினால் காட்டுமன்னார்கோவில், சேத்தியாத்தோப்பு. தஞ்சாவூர், அரியலூர், கடலூர் என்று மூன்று மாவட்டத்துக்காரர்களும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காருகிற ஊர் எங்களுடையது. இந்த ஊர்களை ஒன்றோடு ஒன்று கட்டிவைத்திருந்தது இந்த ஒற்றைப் பாலம்தான். வடகரையில் விளைந்த கரும்பும் முந்திரியும், தென்கரையில் விளைந்த நெல்லும் வாழையும், இரண்டு கரையிலும் எடுத்த பெண்ணும் கொடுத்த பெண்ணும் எல்லாம் இது வழியாகத்தான் போய் வந்தார்கள்.

பாலம் குறுகல். எதிரெதிரே இரண்டு வண்டி போக முடியாது. அதனால் இரண்டு முனையிலும் சிக்னல் போட்டு, ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்தை விடுவார்கள். சென்னையிலிருந்து கும்பகோணம் போகிற பேருந்தும் இங்கே காத்திருந்துதான் போகும். அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் ஊரே பிழைத்தது. வெள்ளரிப் பிஞ்சு, வேர்க்கடலை, பூ, ஆற்று மீன், கண்ணெதிரே வறுத்துக் கொடுக்கிற கெண்டை, விரால். ஜன்னல் வழியாகக் கைநீட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். என் அம்மா பத்து வருடம் அந்த ஜன்னல்களுக்குக் கீழே பூக்கூடையோடு நின்றிருக்கிறார். எனக்கு முதல் தையல் மெஷின் அந்தப் பூக்காசில்தான் வந்தது.

இப்போது கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலத்தைப் பற்றிய மடலில் கோயில் எதற்கு என்று தோன்றலாம். நான் கேட்கப்போவதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

கீழணையை 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டினார். திருச்சிப் பக்கத்து முக்கொம்பு மேலணையும் அதே காலத்தில் அவர் கட்டியதுதான். ஆழம் தெரியாத மணலில் எப்படி அடித்தளம் போடுவது என்பதைக் கல்லணையைக் கட்டிய நம் முன்னோரிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று அவரே எழுதிவைத்தார். நல்ல மனிதர், பெரிய வேலை. அவரால்தான் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வந்தது. அதை மறக்க மாட்டோம்.

ஆனால் அணைக்குக் கல் வேண்டியிருந்தது. நல்ல கருங்கல் பக்கத்திலேயே, ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் மதிலிலும் கோபுரத்திலும் இருந்தது. அதை உடைத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொள்ளிடத்தில் இறக்கினார்கள். ஊர் மக்கள் குறுக்கே நின்று தடுக்கப் பார்த்திருக்கிறார்கள். தடுத்தவர்களுக்கு அரசு உத்தரவை மதிக்கவில்லை என்று தண்டனை கொடுத்தார்கள். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித்தருகிறோம் என்று ஒரு வாக்கு கொடுக்கப்பட்டது. அந்த வாக்கு நிறைவேறவில்லை என்று, அணை கட்டி இருபது வருடத்துக்குள்ளேயே, 1855-ல் வெளியான ஒரு குறிப்பு வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. இதெல்லாம் நான் கேட்ட கதை இல்லை, அச்சில் இருக்கிற செய்தி. இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற அந்தக் கோயிலுக்குப் போய்ச் சுற்றுமதிலைப் பாருங்கள். இல்லாத இடமே சொல்லும்.

சின்ன வயதில் அப்பா என்னைப் பாலத்து ஓரமாக நிறுத்தி, தண்ணீர் வற்றின வைகாசியில், கீழே தெரிந்த கற்களைக் காட்டி, "இதுல சாமி கல்லும் இருக்கு, கால் வைக்கிறப்ப நெனச்சுக்க" என்பார். எது கோயில் கல், எது வேறு கல் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கீழே இறங்குவார். நானும் அப்படித்தான்.

ஆகவே அய்யா, அம்மா, நீங்கள் நினைப்பதுபோல் இது அரசு எங்களுக்குக் கட்டிக்கொடுத்த பாலம் மட்டும் இல்லை. எங்கள் ஊர்கள் தங்கள் கோயில் மதிலைக் கொடுத்து, அடியும் வாங்கி, பதிலுக்குப் பெற்ற அணை இது. அதன் மேல்தான் பாலம் நிற்கிறது. ஒரு வாக்கு ஏற்கனவே போனது. இரண்டாவது தடவையும் எங்களைக் கைவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

புதிய பாலம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். 2025 ஜூலையில் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் நாற்கரச் சாலையைத் திறந்தார்கள். 50 கிலோமீட்டர், கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நான்குவழிப் பாலம். ஆம்புலன்ஸ் சிக்னலில் நின்று தவித்ததை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்குப் பாலத்து முனையிலேயே, காரின் பின் சீட்டில், குழந்தை பிறந்தது. இனி அப்படி நடக்காது. லாரிகளும் எங்கள் பாலத்தை விட்டுப் போய்விட்டன. நல்லது.

ஆனால் புதிய பாலம் திறந்த நாளிலிருந்து பழைய பாலம் யாருடையது என்றே தெரியவில்லை.

விளக்கு எரியவில்லை என்று ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். சாலை இப்போது எங்களிடம் இல்லை என்றார்கள். அடுத்த அலுவலகத்துக்குப் போனேன். அணையும் ஷட்டரும் எங்களுடையது, மேலே போகிற ரோடும் கைப்பிடிச் சுவரும் எங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஊராட்சியைக் கேளுங்கள் என்றார்கள். ஊராட்சியில் இருக்கிற பணத்துக்குத் தெருவிளக்கு பல்ப் மாற்றலாம், பாலத்தை என்ன செய்ய முடியும்? மொத்தம் நான்கு மனு. மூன்றுக்கு ஏற்பு ரசீது வைத்திருக்கிறேன். ஒரு மனுவுக்கு மட்டும் பதில் வந்தது. "தங்கள் மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது." உரிய துறை எது என்று அதில் எழுதவில்லை. நான் கேட்பதே அதைத்தான்.

இந்த நிலையில் பாலத்துக்கு என்ன ஆகிறது என்று சொல்கிறேன். தூணின் மேல்பக்கம் அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஒன்றல்ல, நான் எண்ணியவரை வடக்குக் கிளையில் மட்டும் பதினொன்று. முதல் வருடம் கையால் பிடுங்கலாம். மூன்றாம் வருடம் அரிவாள் வேண்டும். அதற்கப்புறம் வேர் உள்ளே போய்க் கல்லையும் செங்கல்லையும் பிளந்துவிடும், வெட்டினாலும் பிரயோசனம் இல்லை. லஸ்கர் வேலையில், அதாவது ஷட்டர்களைத் திறந்து மூடுகிற வேலையில், இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் காலத்தில் ஒவ்வொரு கோடையிலும், தண்ணீர் திறக்கும் முன்னால், கயிறு கட்டி ஆளை இறக்கிக் கன்றுகளைப் பிடுங்கி, சந்துகளில் சுண்ணாம்புக் காரை பூசுவார்களாம். இப்போது பூசுவதில்லை. எப்போதாவது பூசினாலும் சிமென்ட்டை அப்பிவிட்டுப் போகிறார்கள். "சுண்ணாம்புக் கட்டடம் மூச்சு விடும்மா. சிமென்ட் அந்த மூச்சை அடைச்சிரும், உள்ள ஈரம் தங்கி உப்பிக்கிட்டு உதிரும்" என்கிறார். அவர் சொன்ன மாதிரியே இரண்டு இடத்தில் சிமென்ட் பத்தை பத்தையாக விழுந்து, பழைய செங்கல்லையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது.

லாரி போகவில்லையே, பாலத்துக்கு இனி என்ன பாரம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மேலே போகிற வண்டி மட்டுமா பாரம்? கீழே போகிற வெள்ளமும் பாரம்தான். பாலம் பலவீனமாகிவிட்டது, கனரக வாகனம் போகக் கூடாது என்று தடை போட்டது நீங்கள்தான். அப்படியானால் பலவீனம் இருப்பது உங்களுக்கே தெரியும். லாரியை நிறுத்தலாம், வெள்ளத்தை நிறுத்த முடியுமா?

2005-ல், 2018-ல், 2022-ல் கொள்ளிடம் கரை தொட்டுப் போனதை நான் பாலத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். 2022 ஆகஸ்டில் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களான நாதல்படுகை, முதலைமேடுதிட்டு ஆட்கள் வீட்டை விட்டு முகாமுக்குப் போனார்கள். அந்த நாட்களில் பாலத்தில் நின்றால் உள்ளங்கால் வழியாக ஒரு நடுக்கம் ஏறும். கடையில் உட்கார்ந்திருந்தாலும் ஷட்டர் இரைச்சலில் வாடிக்கையாளர் சொல்லும் அளவு காதில் விழாது, எழுதித்தரச் சொல்லுவேன்.

2018 ஆகஸ்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம், 1928-ல் கட்டியது. பக்கத்தில் புதுப் பாலம் 2016-ல் வந்துவிட்டதால் பழையதில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்த வெள்ளத்தில் அதன் தூண்கள் இடிந்து விழுந்தன. அதே மாதம் 22-ம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது ஷட்டர்கள் அப்படியே அடித்துக்கொண்டு போயின. மேலணையும் கீழணையும் ஒரே ஆள் கட்டியது, ஒரே வயது. அண்ணனுக்கு நடந்ததைப் பார்த்த பிறகும் தம்பியின் நாடியைப் பிடித்துப் பார்க்காமல் இருக்கலாமா? அன்றைக்கு இரவு முழுக்க எங்கள் ஊரில் யாரும் தூங்கவில்லை. மேலே உடைந்த தண்ணீர் இங்கே வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. விடிந்த பிறகு டிவியைப் பார்த்துத்தான் முழு விவரத்தையும் தெரிந்துகொண்டோம்.

அப்புறம் ஆற்று மணல். கொள்ளிடத்தில் எவ்வளவு மணல் போனது என்று கரையில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாலத்துக்குக் கீழே மணல் எங்கே இருந்ததோ அங்கே இப்போது இல்லை, ஓர் ஆள் உயரம் இறங்கியிருக்கிறது. மணல் இறங்கினால் தூணின் கால் வெளியே தெரியும். கால் தெரிந்த தூணை வெள்ளம் அரிக்கும். இதற்குப் பொறியியல் படிக்கத் தேவையில்லை, தென்னை மரத்து அடி மண் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தால் போதும்.

இது அணைக்கரைக்காரர்களின் சொந்தக் கவலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்தப் பாலத்துக்குக் கீழே ஒன்பது அடி தண்ணீர் நிற்பதால்தான் வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால், தெற்கு ராஜன் வாய்க்கால், கும்கிமண்ணியாறு, மேலராமன் வாய்க்கால், விநாயகன்தெரு வாய்க்கால் எல்லாம் ஓடுகின்றன. ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பிப் பயிர் வைக்கிறார்கள். வடவாறு போய்ச் சேருவது வீராணம் ஏரிக்கு. பராந்தக சோழன் காலத்து ஏரி. அங்கிருந்து 2004-லிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் போய்ச் சென்னைக்குக் குடிதண்ணீர் ஆகிறது. என் மகள் குடியிருக்கிற வாடகை வீட்டில் குழாயைத் திறக்கும்போதெல்லாம், "இது நம்ம ஊர்த் தண்ணியா இருக்குமாம்மா?" என்று கேட்பாள். இருக்கலாம் என்பேன். பாலம் தனி, அணை தனி என்று காகிதத்தில் பிரித்துவைத்திருக்கிறீர்கள். ஆற்றில் இரண்டுக்கும் கால் ஒன்றுதான். ஒன்றின் தூண் சரிந்தால் மற்றது மட்டும் எப்படி நிற்கும்?

ஊர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிக்னலில் நிற்க வண்டி இல்லாததால் பாலத்து முனையில் பாதிக் கடைகள் மூடியாகிவிட்டன. காலம் மாறும், வியாபாரம் இடம் மாறும், அதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேருந்து ஊருக்குள் வராமல் போவது காலத்தின் வேலை இல்லை, யாரோ எடுத்த முடிவு. இரவு எட்டுக்கு மேல் நெடுந்தூரப் பேருந்து எதுவும் உள்ளே வருவதில்லை. கும்பகோணத்தில் துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் பெண்கள் புதிய சாலையோரம் இறங்கி இருட்டில் நடக்கிறார்கள். ஒன்பது மணிக்குக் கடை விட்டு, பத்து மணிக்கு இறங்கி, பத்தரைக்கு வீடு. தெற்கே பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் இதனாலேயே வேலையை விட்டுவிட்டாள். மாதம் ஒன்பதாயிரம் ரூபாய் சம்பளம். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம். என் கடையில் பட்டன் தைக்க உட்காரவைத்திருக்கிறேன், என்னால் அவளுக்கு அவ்வளவு கொடுக்க முடியவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் இந்தப் பழைய பாலத்தில்தான் போகிறார்கள், இனியும் போவார்கள். வேகமாக வண்டி பறக்கிற நாற்கரச் சாலையில் பிள்ளையை எந்தத் தாய் அனுப்புவாள்? ஆடு மாடு ஓட்டுகிறவர்கள், வைக்கோல் கட்டு சுமக்கிறவர்கள், துக்கத்துக்கு நடந்து போகிறவர்கள், ஆடிப்பெருக்குக்குக் காப்பரிசியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு வந்து தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிற பெண்கள், எல்லோருக்கும் இதுதான் பாலம். பெரிய பாலம் சென்னைக்கும் தஞ்சாவூருக்கும். சின்னப் பாலம் மீன்சுருட்டிக்கும் திருப்பனந்தாளுக்கும். இரண்டும் வேண்டும்.

நான் கேட்பவை இவை.

முதலில், இந்தப் பாலம் யார் பொறுப்பு என்று எழுத்தில் சொல்லுங்கள். சாலை ஒருவர், அணை ஒருவர், விளக்கு ஒருவர் என்று மூன்றாகப் பிரித்தாலும் சரி, யார் எதற்கு என்று இரண்டு முனையிலும் பலகை வையுங்கள். பலகையில் ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும், கூப்பிட்டால் யாராவது எடுக்கிற எண்ணாக இருக்கட்டும்.

இரண்டாவது, தண்ணீர் வற்றியிருக்கும் இந்தக் கோடையிலேயே தூண்களின் அடித்தளத்தையும், கீழ்ப்புறத்துத் தளத்தையும், ஷட்டர்களையும் விஷயம் தெரிந்த ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தைக் கொண்டு சோதியுங்கள். மேலே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவதை நான் சோதனை என்று சொல்லவில்லை. அறிக்கையைத் தமிழில் எழுதி, இரு கரை ஊராட்சி அலுவலகங்களிலும் ஒட்டுங்கள். மோசமான செய்தியாக இருந்தாலும் ஒட்டுங்கள். 2018 மாதிரி திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட எங்களால் முடியாது.

கைப்பிடிச் சுவரை உடனே கட்டுங்கள், இதற்கு அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கொத்தனார், இரண்டு சித்தாள், மூன்று நாள் வேலை. அரசங்கன்றுகளை வேரோடு எடுங்கள். பூசுவதாக இருந்தால் சுண்ணாம்புக் காரையில் பூசத் தெரிந்தவர்களைக் கொண்டு பூசுங்கள். கோயில் திருப்பணி செய்கிற ஆட்கள் கும்பகோணத்திலேயே இருக்கிறார்கள். விளக்குகளை எரியவிடுங்கள். கனரக வண்டி ஏறாதபடி இரு முனையிலும் உயரத் தடுப்பு வையுங்கள், ஆம்புலன்சும் மினி பஸ்ஸும் போகிற உயரத்தில்.

பேருந்து விஷயத்தில் அடம்பிடிக்கவில்லை. எல்லா வண்டியும் உள்ளே வர வேண்டாம். இரவு எட்டிலிருந்து பதினொன்றுக்குள் கும்பகோணத்திலிருந்து வருகிற இரண்டு வண்டியும், சென்னையிலிருந்து வருகிற இரண்டு வண்டியும் அணைக்கரைக்குள் வந்து போகட்டும். முடியாது என்றால், இறக்கிவிடுகிற இடத்தில் ஒரு நிழற்குடையும் விளக்கும், அங்கிருந்து பழைய பாலம் வழியாக ஒரு மினி பஸ்ஸும் விடுங்கள்.

பாலத்தை மூடுவதோ இடிப்பதோ உங்கள் யோசனையில் இருந்தால், முடிவு எடுக்கும் முன்னால் எங்களிடம் சொல்லுங்கள். தென்கரை, வடகரை, திட்டு மூன்று இடத்திலும் கிராம சபை கூட்டி, வரைபடத்தை விரித்துவைத்துப் பேசுங்கள். டெண்டர் விளம்பரத்தைப் பார்த்து நாங்கள் தெரிந்துகொள்கிற நிலை வேண்டாம்.

கடைசியாக ஒரு கல்வெட்டு. பெரிய செலவு இல்லை. பாலத்து முனையில், நடந்து போகிறவர் நின்று படிக்கிற உயரத்தில், இந்த அணை 1836-ல் கட்டப்பட்டது என்றும், கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்கள் இதில் இருக்கின்றன என்றும், அதைத் தடுக்க நின்ற ஊர் மக்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், பதிலுக்குக் கட்டித்தருவதாகச் சொன்ன மதில் கட்டப்படவில்லை என்றும் பொறித்துவையுங்கள். அந்த மக்களின் பெயர் எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஊர் மக்கள் என்று போட்டாலே போதும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதிலை ஆடிப்பெருக்குக்குள் எழுத்தில் கொடுத்து, ஆகஸ்ட் 15 கிராம சபையில் உங்களில் ஒருவர் வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனுக்களின் ரசீதுகளையும், தூண்களின் படங்களையும், உடைந்த சுவரின் படத்தையும் கடையில் எடுத்துவைத்திருக்கிறேன். நீங்கள் வருகிற அன்று கொடுக்கிறேன், பாலத்தையும் கூடவே நடந்து காட்டுகிறேன். சித்திரைக்குள் வந்தால் தண்ணீர் இருக்காது, கீழே இறங்கியே பார்க்கலாம்.

இப்படிக்கு,
அணைக்கரையில் தையல் கடை வைத்திருக்கும் ஒருத்தி